அக்கா செய்த சத்தியத்தில் என் பங்கு

அன்று பிள்ளையார் முன்னால் ஈரப் புடவையோடு அக்கா நின்றபோது, நான் சொல்லியிருந்தது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? இத்தனை நாளாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அக்கா என்று நான் சொல்வது எதிர்வீட்டுப் பெண்ணை. உறவுமுறை எதுவும் இல்லை. திருப்பதியிலிருந்து திருச்சானூர் போகிற சாலையில் இடப்பக்கம் பிரியும் தெரு எங்களுடையது. நான் சத்தியவேட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.எட். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவருக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை வருவார். ஓவர்டைம் இருந்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் வீட்டில் நானும் மகளும்தான். மகளைத் தவிர ஒருவரிடமும் பேசாமல் முழு நாளும் போனதுண்டு. ஒருமுறை மருந்துக்கடைக்காரரிடம், மகளிடம் பேசுகிற மழலையிலேயே "ஜுரத்துக்கு மம்மு வேணும்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வெட்கத்தில் அழுதிருக்கிறேன்.

அப்படி இருந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்து பேசியவர் அக்காதான். நகரியில் பவர்லூம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். இங்கே வந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறார். தெருவின் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. ஆசிரியர் தேர்வுக்காக வாரத்தில் மூன்று நாள் நான் கோச்சிங் போவேன். அந்த நேரத்தில் மகள் அவர் மடியில்தான் இருப்பாள். திரும்பி வரும்போது, நான் எதிரே நிற்பதைப் பார்த்தும் அவள் அந்த மடியை விட்டு எழமாட்டாள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு ஒரு பிற்பகலில் அக்கா தட்டோடு வந்தார். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. துணியின் மடிப்புக்குள் நோட்டுகள். எங்கள் பக்கம் ஒவ்வொரு தெருவுக்கும் கட்சிக்காரர்கள் இப்படி ஒரு பெண்ணைப் பிடித்து, வீடுகளின் லிஸ்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆண்கள் பணத்தோடு வந்து நின்றால் கதவைச் சாத்தலாம். மஞ்சள் குங்குமத்தோடு வந்து நிற்கிற பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் வளர்ப்பு விடாது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"எதுக்குக்கா எனக்கு?"

"எதுக்கா? டீச்சரம்மா ஊட்ல ஓட்டு இல்லியா? புடி. கை நோவுது."

"துணி மட்டும் எடுத்துக்கிறேனே."

"மடிப்பப் பிரிச்சிக் குடுத்தா தட்டு தாம்பூலமா? புள்ள முன்னாடி வேணான்னு சொல்லாத." என் கையில் தட்டை வைத்துவிட்டு, மகளின் நெற்றியில் குங்குமத்தை ஒற்றினார். "நம்ப கட்சிக்குத்தான? ஒரு வார்த்த சொல்லிடு. நான் லிஸ்ட்ல டிக் போட்டுக்கினு போறேன்."

"உனக்குத்தான்க்கா" என்றேன். கட்சியின் பெயரைச் சொல்லாமல் அப்படிச் சொன்னால் பொய்யாகாது என்று அந்த நொடியில் நினைத்தேன். படித்தவர்கள் செய்கிற தந்திரம் அது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. ஒரு லேஅவுட்காரர் அதை மண் போட்டு நிரப்பி, மனைகளாகப் பிரித்துக் கல் நட்டார். அவர்தான் அந்தக் கட்சிக்கு எங்கள் பகுதியில் தேர்தல் செலவு செய்கிறவர். குட்டை போன பிறகு வந்த முதல் மழையில் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. எட்டு மாதக் குழந்தையைக் கட்டிலில் போட்டு, கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து, விடியும்வரை தனியாக உட்கார்ந்திருந்தேன். கணவருக்குப் போன் போகவில்லை. ஓட்டு மிஷின் முன்னால் நின்றபோது அந்தச் செங்கற்கள்தான் நினைவுக்கு வந்தன. வேறு பட்டனை அழுத்தினேன்.

நான் ஏதோ நேர்மையாக நடந்துகொண்டதாக நினைக்க வேண்டாம். நான் ஓட்டுப் போட்ட கட்சியும் பக்கத்துத் தெரு வரை தட்டு கொடுத்தது. எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அக்கா தந்த பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கோச்சிங் சென்டரில் கட்டிவிட்டேன்.

எந்தப் பூத்தில் எவ்வளவு விழுந்தது என்பது எண்ணி முடித்ததும் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் பூத்தில் அக்காவின் கட்சிக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கொடுத்தும் விழவில்லை என்றால், கொடுக்கப் போனவர்கள் நடுவில் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். சித்தூர்ப் பக்கத்தில் சத்தியம் செய்வதற்கென்றே மக்கள் போகிற பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சன்னதியில் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவர்களை அவர் மூன்று மாதத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடுவார் என்பார்கள். லிஸ்ட் வைத்திருந்த பெண்களை ஒரு வேனில் ஏற்றி அங்கே அழைத்துப் போனார்கள்.

அன்று மதியம் அக்கா என் வீட்டு வாசலில்தான் வந்து உட்கார்ந்தார். தலை இன்னும் காயவில்லை. பிரசாதத்தைப் பிட்டு மகளின் வாயில் வைத்தார்.

"என்னக்கா கேட்டாங்க?"

"எல்லா ஊட்டுக்கும் குடுத்தியான்னாங்க. குடுத்தேன், ஒரு ரூபா துன்னலன்னு பிரமாணம் பண்ணேன். அதோட வுட்டானுங்களா? வாங்கிக்கினு மாத்திப் போட்டவங்க யாரு, பேரச் சொல்லுன்னானுங்க."

"நீ என்னக்கா சொன்ன?"

"என் லிஸ்ட்ல ஒருத்தரும் மாத்திப் போடலன்னேன். அதையும் சாமி மேல சொல்லுன்னானுங்க. சொன்னேன்."

"எல்லாரும் போட்டாங்கன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா முடியை உதறி முடிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "நீங்கல்லாம் சொன்னீங்கள்ள? நீ சொல்லல?" என்று சிரித்தார். "என்னாடி மூஞ்சி இப்படிப் போவுது? முழுகுனது நானு, ஜுரம் உனக்கா?"

அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என்னை முழுதாக நம்பி, தெரியாமல் பொய்ச் சத்தியம் செய்தாரா? அல்லது எல்லாம் தெரிந்து, என் பெயரும் இன்னும் சிலர் பெயரும் வெளியே வரக்கூடாது என்று அறிந்தே செய்தாரா? நான் அப்போதே கேட்டிருக்கலாம். "பிரசாதம் நல்லா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து, சோப்புத் தண்ணீர் கிடந்த பாத்ரூம் படியில் அக்கா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு அவரால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. தையல் வேலை வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

தண்ணி லாரி வந்த ஒரு காலையில், குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"பிரமாணம் பண்ண கைதான அது?"

"புள்ளையாரு சும்மா வுடுவாரா?"

"நமக்குக் குடுத்தா சரி. எல்லா ஊட்டுக்கும் குடுத்தாளான்னு யாரு கண்டா?"

"குழுத் துட்டும் அவ கையிலதான கீது. இந்தத் தபா மீட்டிங்குல வேற ஆள வெச்சிடணும்."

"படி ஈரமா இருந்துச்சு, அதான் விழுந்தாங்க" என்றேன் நான். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "நீ படிச்சவ, அப்படித்தான் சொல்லுவ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குடம் பாதி நிரம்பியபோதே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்தியம் மணிக்கட்டை உடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கோயிலுக்குப் போன நாளிலிருந்து நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விழுந்தார் என்று கேட்டதும் முதலில் எண்ணியது நாட்களைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன். நான் மாற்றிப் போட்டதே அவருக்கு அப்போதுதான் தெரியும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இத யார் கிட்டயாச்சும் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லாத. நான் அங்க கெடக்கிறேன், நீ இங்க கைப்புள்ளயோட தனியா கீற. அந்தத் தெருவுலதான் நாம இருந்தாவணும்." அவர் சொன்னது தப்பில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை குழுவின் மீட்டிங். அன்று அக்காவைத் தலைவி பொறுப்பிலிருந்து இறக்கிவிடப் பேசி வைத்திருக்கிறார்கள். அவர் பணத்தைத் தொடவில்லை என்பதை அவர்கள் நம்ப ஒரு வழி இருக்கிறது. அந்தச் சத்தியத்தில் ஏதாவது பொய் இருந்தால் அது பணத்தைப் பற்றியது அல்ல, என் ஓட்டைப் பற்றியது என்று நான் எழுந்து சொல்ல வேண்டும். பெண்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அக்காவுக்கு இதுவரை தெரியாது என்றால், அதே நொடியில், தான் பொய்ச் சத்தியம் செய்ததை எல்லோர் முன்னிலும் தெரிந்துகொள்வார். சாமிக்குப் பயப்படுகிற பெண் அவர். உடைந்த கையைப் பார்த்து, அது சரிதான் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டால்? கட்சிக்காரர்கள் காதுக்குப் போனால் அவரை என்ன செய்வார்கள்? என்னை?

முன்கூட்டித் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தெருவைக் கடந்து போனேன். முதல் முறை அவருக்குத் தலை வாரிவிட்டு வந்தேன். இரண்டாவது முறை சாதம் பிசைந்து ஊட்டினேன். "புள்ளைக்கு ஊட்றாப்பல ஊட்டுறியே, டீச்சரம்மா" என்றார். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். இப்போது மகளை அவரால் தூக்க முடியாது. நான் கோச்சிங் போவதும் நின்றுவிட்டது. பகல் முழுக்க ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒருவருக்கு முன்னால் நின்றிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். அவரிடம் முதலில் தனியாகச் சொல்வதா, நேரே மீட்டிங்கில் சொல்வதா, அல்லது என் கணவர் சொல்வது போல வாயை மூடிக்கொண்டு, அவரை இறக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பதா? சொல்வது என்றால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்றும் சொல்லுங்கள். மீட்டிங்குக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.