ஒன்பதாவது மீட்டர்

நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.40. வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. இவை என் நினைவிலிருந்து எடுத்தவை அல்ல. கருவியின் பதிவில் இருப்பவை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளன். நகரின் பழைய குழாய்ச் சுரங்கத்தில் ஒலியுணரிகளைப் பொருத்துவது என் திட்டம். ஒரு சத்தம் எத்தனை மீட்டர் தொலைவில் எழுந்தது என்பதை அவை திரையில் காட்டும். கசிவைத் தேடித் தெருவெல்லாம் தோண்ட வேண்டியதில்லை. சுரங்கத்தின் இரும்பு மூடிக்கும் மோட்டார் வைத்தோம். மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்ளும்.

அதுவரை அந்த வேலையைச் செய்தவர் மூடிக்காரர். இறங்கியவர் எத்தனை, ஏறியவர் எத்தனை என்று நோட்டில் எழுதுவார். மூடியைத் திறக்கச் சொல்ல, உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தட்டாகக் குழாயில் தட்ட வேண்டும். அவர் அறை வழியாகத்தான் குழாய் மேலே வருகிறது.

"நோட்டு எதுக்குண்ணே இனிமே? கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"பாக்கும் சார். எண்ணுமா?"

சிரித்தபடி இறங்கினேன். செயலியில் என் வருகையைப் பதிய மறந்தேன்.

2.58. மேலே மோட்டார் உறுமியது. வட்டமாக இருந்த வெளிச்சம் பிறையாகி, கோடாகி, இல்லாமல் போனது. மழை தொடங்கியிருக்க வேண்டும்.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. கட்டுப்பாட்டு அறையின் கணக்குப்படி உள்ளே எவரும் இல்லை. நான்கு மணிக்கு வால்வு தானாகத் திறக்கும். சோதனைக்காகச் சுரங்கம் கூரைவரை நிரம்பும். அந்த அட்டவணையைத் தயாரித்தவன் நான்.

3.11. ஸ்பேனரால் குழாயில் ஒருமுறை தட்டினேன்.

டங்.

காத்திருந்தேன்...

டங்.

மூடிக்காரர்தான் பதில் தருகிறார் என்று எண்ணித் திரையைப் பார்த்தேன். சத்தம் மேலிருந்து வரவில்லை. சுரங்கத்தின் உட்புறத்திலிருந்து வந்திருந்தது. 41 மீட்டர்.

மூடியிலிருந்து ஒன்பதாவது மீட்டரில் சுரங்கத்தை முழுதாக அடைத்தபடி ஒரு செங்கல் சுவர் நிற்கிறது.

மீண்டும் தட்டினேன். டங். பதில் வந்தது. 33.

மீண்டும். 24.

நான் நிறுத்தினேன். அது நிறுத்தவில்லை.

16... 12...

3.34. ஒன்பது.

எண் அதற்குமேல் குறையவில்லை.

சுவரை நெருங்கி, அதில் உள்ளங்கையை வைத்தேன்.

டொக்.

குழாயில் அல்ல. என் கைக்கு நேர் மறுபுறம்.

3.47. மூடி திறந்தது. மூடிக்காரர் கையால் சுற்றியே திறந்திருந்தார். நான் ஏறிய பிறகும் அவர் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருத்தர் எங்க சார்?"

"நான் ஒருத்தன்தான்."

"வெளையாடாதீங்க. ஒரு தட்டுன்னா நான் வந்தே இருக்க மாட்டேன். இந்தக் கெழட்டுக் குழாய் சும்மாவே அப்படிக் கத்தும். ரெண்டு ரெண்டாக் கேட்டுச்சு. அதான் ஓடி வந்தேன். சீக்கிரம் கூப்பிடுங்க, தண்ணி வந்துரும்."

கட்டுப்பாட்டு அறையை அழைத்துத் தண்ணீரை நிறுத்தினேன்.

அந்த வாரமே பழைய நோட்டுகளைப் புரட்டினேன். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கம். இறங்கியவர் 2. ஏறியவர் 1. அந்த இரண்டை வேறு மையில் ஒன்றாகத் திருத்தி, எவரோ சுருக்கொப்பம் இட்டிருந்தார். சுவர் எழுப்பப்பட்டது அதற்கு மறுநாள்.

சுவரை இடிக்க அனுமதி கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'கசிவு' என்று குறிப்பிட்டேன். இருபது நாள் கழித்து, மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதி ஆணை வந்தது. எடுத்துக்கொண்டு மூடிக்காரரின் அறைக்குப் போனேன். நோட்டு விரித்தபடி இருந்தது.

"நாளைக்கு எத்தனை பேர் சார் எறங்குறீங்க?"

"மூணு."

எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்த பேனா நின்றது.

"ஏறுறது... நாலுன்னு போடவா?"

"போடுங்கண்ணே" என்று ஆணையை அவர் கையில் கொடுத்தேன்.