ஓகே சொல்லாத ஷாட்

நான் படிப்பது திரைப்படக் கோட்பாடும் அழகியலும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சினிமாப் படிப்பு. முதுகலை இரண்டாம் வருடம் வந்தும் அந்த வகுப்பில் நான் கேமராவைத் தொட்டதே இல்லை என்பதை யாரும் நம்புவதாயில்லை. படம் பார்ப்போம், படத்தைப் பற்றி எழுதியவர்களைப் படிப்போம், ஒரே ஒரு ஷாட்டை வைத்துக்கொண்டு அரை நாள் சண்டை போடுவோம். "அப்ப அங்க என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா மகள் பெரியவளான சடங்குக்கு ஆலங்குடி வீடியோக்காரரிடம் பேசி வைத்திருந்தார்கள். அக்கா அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "நம்ம வீட்டுலயே சினிமா படிக்கிற பிள்ள இருக்கு, வெளியாளு எதுக்கு?" கடவுளே! போனிலேயே கெஞ்சிப் பார்த்தேன். "ரொம்பத்தான் பிகு பண்ணாதடி" என்று வைத்துவிட்டாள். தோழியின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, வழியெல்லாம் எந்தப் பொத்தான் எதற்கு என்று தடவிக்கொண்டே வந்தேன்.

வீடியோ கெட்டுப்போனால்கூடப் போகிறது. உண்மையான பயம் வேறு. என் அண்ணனும் அக்கா புருஷனான மச்சானும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மச்சான் அண்ணனை "வாங்க" என்று கேட்டு வரவேற்கவில்லையாம். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்பது மச்சான் கட்சி. பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது அண்ணன் கட்சி. அதிலிருந்து அண்ணன் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு ஏது? ஒருவழியாகச் சம்மதித்தவர் அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "வாசல்ல வச்சு மரியாதையா வாங்கன்னு கேக்கணும். இல்லேன்னா சீரோட அப்படியே திரும்பிருவேன்." செய்கிற ஆள்தான். திரும்பினால் அக்காவுக்குப் பிறந்த வீடு அன்றோடு போயிற்று.

காலையில் சீர் வருகிற வேட்டுச் சத்தம் கேட்டதும் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பந்தல் முனையும் வீட்டு வாசலும் ஒரே ஃபிரேமில் வருகிற மாதிரி ஓரமாக நின்றுகொண்டேன். நடப்பதில் கை வைக்காதீர்கள், கேமரா பொறுமையாக இருந்தால் உண்மை தானே வந்து நிற்கும் என்பார் எங்கள் பேராசிரியர். அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் பந்தல் முனைக்கு வந்து நின்றார். பின்னால் சீர்த்தட்டுகளோடு பெண்கள். மச்சான் வாசற்படியில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மேளக்காரர்கள் அடித்ததையே திரும்ப அடித்தார்கள். அண்ணன் முகம் இறுகிக்கொண்டே வந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாவி மனுஷன், இப்பவும் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். மச்சான் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன?" என்பது போலப் புருவத்தை வேறு தூக்கினார். சட்டென்று உறைத்தது. எங்கள் பக்கம் விசேஷங்களில் வீடியோக்காரர் சொல்லாமல் ஒரு துரும்பு அசையாது. மாலை போடுவது, தட்டு வாங்குவது, காலில் விழுவது எல்லாமே அவர் "இப்பச் செய்ங்க" என்றால்தான். மனுஷன் நான் சொல்லட்டும் என்று காத்து நிற்கிறார்! அண்ணனோ அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் நின்ற பெண்களிடம் திரும்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

"மச்சான், முன்னாடி வாங்க!" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது. "அண்ணே, நகராதீங்க, அங்கிட்டே நில்லுங்க! மச்சான், வாங்கன்னு கேளுங்க!"

மச்சான் விறுவிறுவென்று வந்து கும்பிட்டார். உதடு அசைந்தது. மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாக் கேளுங்க மச்சான், ரெக்கார்டு ஆகல!" துணிந்து பொய் சொன்னேன்.

"வாங்க மாப்ள! வாங்க!"

பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாரேன் மச்சான்" என்றார்.

"கையப் புடிங்க. ரெண்டு பேரும் கேமராவப் பாருங்க." எங்கள் வகுப்பில் யாரும் இப்படி ஒரு ஷாட்டை மன்னிக்க மாட்டார்கள். விறைப்பாக, பல் தெரிய, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அண்ணன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, ஃபோகஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

சிரிப்பைக் கலைக்காமல் மச்சான் கேட்டார். "போதுமா ஆத்தா?"

"இருங்க மச்சான், இன்னும் ஓகே சொல்லல."

சொன்னால் கையை விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. நான் சொல்லவே இல்லை.