ஜெரிசன் வென்ற பக்கம்

குருநகரில் ஒரு கொமினிகேசன் கடையில் போட்டோக்கொப்பி எடுத்துக்கொடுக்கும் றெஜினா எதிலும் பிடிவாதம் காட்டியவள் அல்ல. பிடிவாதமெல்லாம் ஜெரிசனிடம்தான். ஜெரிசன் அவள் கீறும் மங்காப் படக்கதையின் நாயகன், கராத்தேக்காரன். பென்சிலால் கீறி, கைபேசியில் படமெடுத்து, ஞாயிறுதோறும் முகநூலில் போடுவாள். ஜப்பான்காரரின் படக்கதைகளைப் பார்த்துப் பழகிய கோடுகள். கைகள் எப்போதும் கொஞ்சம் பெரிதாகிவிடும், முகங்கள் பரவாயில்லை. ஆனால் ஒரு சண்டையில் யார் வெல்லவேண்டும் என்பதில் மட்டும் அவள் பிழை விட்டதில்லை. பலசாலி வெல்வது விளையாட்டில். கதையில், எவன் வென்றபின் சொல்ல ஒன்றும் மிஞ்சாதோ அவன் தோற்றாக வேண்டும்.

அண்ணன் அடைக்கலநாதன்தான் முதல் வாசகர். ஈரலில் புற்று வந்து கடலுக்குப் போவது நின்றதிலிருந்து, ஞாயிறுவரை பொறுக்காமல் அவள் கீறும் கொப்பியைப் பறித்துவிடுவார். கதையில் இறுதிப் போட்டி நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

“உவனுக்கு இன்னும் எத்தினை நாளைக்கு அடி விழப்போகுது? ஒருக்கா வெல்ல விடன், பிள்ளை.”

“தோப்பான் அண்ணை. தோத்தால்தான், தான் ஏன் அடிபடுறன் எண்டு யோசிப்பான்.”

“யோசிக்கிறதெண்டால் சுவாமியாருக்குப் படிக்கச் செமினறிக்கெல்லோ போயிருக்கவேணும்! வெள்ளை உடுப்பு அங்கையும் குடுக்கினம்.”

சிரித்த சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் இறங்கி வரவில்லை. அந்த ஞாயிறு ஜெரிசனின் வலக்கையை முறித்தே விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டொக்குத்தர் அவளைத் தனியே கூப்பிட்டார். இனி மருந்து கேட்காது, மிஞ்சினால் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் என்றார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அண்ணனிடம், “குளிசையை மாத்தியிருக்கினம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நான்கு பக்கம் கீறினாள். ஜெரிசன் இடக்கையால் ஒரேயொரு குத்துவிட்டான், எதிராளி விழுந்தான், நடுவர் ஜெரிசனின் கையை உயர்த்தினார். பொய் என்று கீறும்போதே தெரிந்தது. இவ்வளவாவது அண்ணனுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் கொப்பியை நீட்டினாள். அடைக்கலநாதன் நான்கு பக்கத்தையும் பார்த்தார். முதலிலிருந்து திரும்பவும் பார்த்தார். சிரிக்கவில்லை.

“கை முறிஞ்சவன் எப்பிடியடி வெண்டவன்?”

“நீங்கள்தானே கேட்டனீங்கள்.”

“நாலு மாசமாக் கேட்டனான். அப்ப ஏன் தரேல்லை?”

அவள் கொப்பியைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள். அவர் விடவில்லை.

“டொக்குத்தர் எத்தினை நாள் எண்டவர்?”

வாயால் மறைத்ததை அந்த நான்கு பக்கங்கள் சொல்லிவிட்டன. இனி மறைக்க ஒன்றுமில்லை.

“மூண்டு கிழமை.”

அவர் கொப்பியை மூடி அவளிடமே கொடுத்தார்.

“இந்த நாலு பக்கத்தையும் கிழிச்சுப்போட்டுத் தோக்கிறதைக் கீறு. தோத்தாப் பிறகு அவன் என்ன செய்வான்? அதை எனக்கு இப்பவே சொல்லு.”

நான்கு மாதமாக அந்தத் தோல்விக்காக வாதாடியவள், அதற்கு அடுத்த பக்கத்தை ஒருநாளும் யோசித்திருக்கவில்லை.

“தெரியாது அண்ணை.”

“எனக்கும்தான். கீறு, பாப்பம்.”