அண்ணன் பேரில் போன முகங்கள்

தங்கச்சி கொல்லைப்படியில் விழுந்தபோது வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அடுத்த வீட்டுச் சித்தியும் இருந்தாள். நான் இல்லை. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் கணினியில் விவரம் ஏற்றும் தற்காலிக வேலையில் இருக்கிறேன். சித்திதான் போன் செய்தாள். எங்கள் ஊர் போலகத்துக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எப்படி விழுந்தாள் என்று கேட்டேன். தடுக்கிவிட்டது என்றார்கள் மூன்று பேரும், ஒரே மாதிரி.

அவளுக்கு ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். கடுமையான மாதங்கள் முடிந்து, தலைமுடி திரும்ப முளைத்து, மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வரும் கட்டத்தில் இருந்தாள். இடையில் வீட்டில் இருக்கும் நாட்களுக்காக ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தார். வலி, குமட்டல், வாய்ப்புண், அசதி, கை கால் மதமதப்பு என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து முகங்கள், சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும். பிள்ளை விரல் வைக்கும் முகத்தைச் சுற்றி நான் வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தாளின் மேலே பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. வீட்டுப் பெரியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நர்ஸ் அக்கா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "நீங்க சொல்லக் கூடாது. அம்மாவும் சொல்லக் கூடாது. பாப்பாவுக்கு என்ன பண்ணுதுன்னு பாப்பாவுக்குத்தான் தெரியும்." அவள் சொல்வதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பதா தொடர்வதா என்று முடிவு செய்வாராம். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

அதனால் நான் கண்டிப்பாக இருந்தேன். சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் தாளை எடுப்பேன். அப்பாவையும் அம்மாவையும் வெளியே போகச் சொல்வேன். "படிச்ச புள்ள வந்துட்டான், பரீட்ச ஆரம்பிக்கப் போவுது, எல்லாம் எந்திரிங்க" என்று சித்தி கிண்டலடித்தபடி கிளம்புவாள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் முந்தானையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். தங்கச்சி முகங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். நடுவில் இருந்த சிரிக்காத அழாத முகம் அவள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அழும் முகம், பாக்கி கேட்டு வரும் பால்காரர். ஒவ்வொரு கேள்வியையும் நான் நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். அவள் சிரிக்கும் முகத்தில் விரல் வைப்பாள். எப்போதாவது ஒருநாள் அசதிக்கு மட்டும் அதற்கு அடுத்த முகம். மருந்து ஒத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அலுவலகத்தில் கூட வேலை செய்பவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

ஒருநாள் அவள் செருப்பின் பின்பக்கம் ரிப்பன் கட்டியிருந்ததைக் கண்டேன். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதால் கழன்று போகிறது என்றாள் அம்மா. நம்பினேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அந்த மாதம் புதுச்சேரிக்குப் போனோம். விழுந்ததைக் கேட்டதும் டாக்டர் அவளைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். முன்பாதம் எழும்பவே இல்லை. பிழியாத துணிபோலத் தொங்கியது. முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார், பாதத்தைத் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு நான் அனுப்பிய போட்டோக்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மதமதப்புக்கு நேரே எல்லாவற்றிலும் சிரிப்பு.

நரம்பை அந்த ஊசி தாக்கியிருக்கிறது என்றார். சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். முதலிலேயே தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம். நான் தாளை வைத்து அவளிடம் சரியாகத்தான் கேட்டேனா என்று என்னிடம் கேட்டார். கேட்டேன் என்றேன். நர்ஸ் அக்கா குனிந்து, "எப்பலேந்து பாப்பா இப்படி இருக்கு?" என்றார். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் வைத்துத்தான் அப்பா சொன்னார்.

"ஒன் பேரு போட்டுப் போற பேப்பரு தம்பி. ஒன்னோட போன்லேந்து போவுது. அதுல தெனம் அழுவுற மூஞ்சியா இருந்தா ஒனக்குத்தான கொறச்சல்? வேலைய நெரந்தரமாக்குற நேரம் வேற. நான்தான் புள்ளகிட்ட சொல்லி வச்சேன்."

எங்கள் வீட்டுக்குப் பெயர் போட்டு வந்த காகிதங்கள் என்னுடைய மதிப்பெண் பட்டியல்கள் மட்டும்தான். பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது அப்பா அதைத் திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு வரைக்கும் எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார். பெயர் போட்ட காகிதத்தில் நல்லது மட்டுமே இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். நான் வீடு வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சாயங்காலமும் பரீட்சைக்குப் பதில் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

"எல்லாத்துக்கும் சிரிச்ச மூஞ்சிதாண்ணே வச்சேன்," என்றாள் தங்கச்சி. "அசதிக்கு மட்டும் ரெண்டாவது. எல்லாமே ஒண்ணா இருந்தா நீ கண்டுபுடிச்சிடுவேன்னு அப்பா சொன்னாங்க."

அம்மாவிடம் கேட்டேன், தெரியுமா என்று.

"தெரியும் தம்பி. கால்ல எறும்பு ஊறுதுன்னு படுத்தா அழுவா. நான்தான் புடிச்சு வுடுவேன். ஃபேன் சத்தத்துல ஒனக்குக் கேக்காது."

சித்திக்கும் தெரிந்திருக்கிறது. அந்த ரிப்பனைக் கட்டியதே சித்திதான்.

எனக்காகச் செய்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் சொன்னதை அவர்கள் கேட்டார்கள், போகச் சொன்னால் போனார்கள், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அவளுக்கு என்ன பண்ணுகிறது என்று அந்த வீட்டில் தெரியாமல் இருந்தவன் தாளும் பேனாவும் வைத்திருந்த நான் மட்டும்தான். அவள் வலியை அவளிடமிருந்து பறித்து, அதில் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கிறார்கள். அப்பாவிடம் பல நாள் பேசவில்லை. அவர் சோற்றைப் பிசைந்தபடி என் முகத்தைப் பார்ப்பார், நான் எழுந்துவிடுவேன். அவரும் கோபமாகத்தான் இருந்தார். ஊரே மெச்சுகிற மாதிரி மகன் பேரைக் காப்பாற்றியதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று சித்தியிடம் கேட்டாராம்.

இப்போது தாளில் பொறுப்பாளர் இடத்தில் அவள் பெயரையே எழுதச் சொல்லிவிட்டேன். எழுத்துக் கூட்டி அவளே படிக்கிறாள், அவளே வட்டம் போடுகிறாள். போட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, "சரியாண்ணே?" என்கிறாள். அந்தக் கேள்வி போக மாட்டேன் என்கிறது. பால்காரர் முகத்தில் வட்டம் போட்ட அன்றும் அப்படித்தான் கேட்டாள்.

அந்த ஊசியை நிறுத்தியிருக்கிறார்கள். பாதம் மெதுவாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் வாங்குவதில்லை. ஆனால் மாவுக்கட்டு இங்கே தனியாரில் போட்டது, இரண்டு காலுக்கும் பாதம் தொங்காமல் பிடிக்கும் பட்டை வெளியில் செய்யக் கொடுத்தது, கால் பயிற்சிக்கு வாரா வாரம் காரைக்காலுக்கு ஆட்டோ, நான் லீவு போட்டதில் பிடித்த சம்பளம். அப்பா உழவு மாட்டை விற்றார். செலவு எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.