ஒரு ஆளுக்கு ஒரு பெரட்டு

எனக்கு எழுத அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட கொப்பியிலும் எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. ஞாபகமும் முன்னைப்போல இல்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே இருந்தது. பதுளைக்கு ஏழு மைல்தான். ஆனாலும் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டு ஆட்களுக்கு டவுன் என்றால் தீபாவளிக்குத் துணி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் போகிற இடம். மற்ற நாளெல்லாம் மலை, கொழுந்து, லயம். பின்னேரம் நமுனுகுலை மலையில் பனி இறங்கிவிட்டால் பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். இந்த வயதில் அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருக்கிறது.

அந்த லயத்திலிருந்து தினமும் டவுனுக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்போது எனக்குப் பதினாறு வயது. தோட்டத்து மருந்துக்கார ஐயாவின் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் எனக்குத் தையல் பழக்கி, பதுளையில் ஒரு தையல் கடையில் சொல்லிச் சேர்த்துவிட்டார். கடை முதலாளி முஸ்லிம். எல்லோரும் அண்ணன் என்கிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, இதுதான் என் வேலை.

அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. தோட்டத்து வேலைக்கு என் பேரைப் பதியச் சொல்லிக் கங்காணி கேட்டுக்கொண்டே இருந்தார். பேர் பதிந்தால் கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிடும், பிறகு இறங்காது. அம்மா முதுகைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு நாள் நேரம் தவறினாலும் மறுநாளே பேர் பதிந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார்.

பஸ்ஸில் நான் வாயே திறக்க மாட்டேன். இறங்குகிற இடத்தில் மணி அடிக்கவும் கூச்சம். யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி, ஒரு வளைவு திரும்ப நடந்து வருவேன். கொண்டக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து அவராகவே மணி அடித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் மணிக்கூடு கிடையாது. லயத்தில் யார் வீட்டிலும் கிடையாது. விடிய முன்னே ஒருவர் மேட்டில் நின்று தப்பு மேளம் அடிப்பார். அதுதான் எல்லோரையும் எழுப்புவது. அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, ஆட்கள் அன்றைய வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் போவார்கள். நான் குறுக்குப்பாதையில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். ஒரு நாளும் பிந்தியதில்லை.

அந்த வருடத் தீபாவளிக்கு நானா மூன்று கல்யாண ஜாக்கெட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்து முடித்து, தீபாவளிக்கு மறுநாள் காலையில் கொண்டு வர வேண்டும். பத்து மணிக்குப் பெண் வீட்டார் எடுக்க வருவார்கள். முடித்து, மடித்து, தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

கண் விழித்தபோது தகரக் கூரை ஓட்டையில் வெளிச்சம். தோட்டத்துக்குத் தீபாவளி லீவு இரண்டு நாள். பெரட்டு இல்லாத நாளில் தப்பு எதற்கு? அது எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. லயமே தூங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு அடிக்கலியேப்பா" என்றேன்.

"ஒனக்குத்தான் லீவு இல்லையே. அது வந்துதான் எழுப்பணுமா?" என்றார் அப்பா. "பஸ்ஸு போயிருச்சு. இன்னையோட சரி. நாளைக்குக் கங்காணிகிட்ட சொல்லிடறேன்."

அடுத்த பஸ் மத்தியானம்தான். அப்பாவை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. முகம் கழுவி, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டேன். தூறிக்கொண்டிருந்தது. இரண்டாவது திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம். அப்பா. பொட்டலத்தை வாங்கினார். தன் கம்பளியைக் கழற்றி அதைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஏழு மைலும் அவர் நனைந்துகொண்டே போனார். ஜாக்கெட்டில் ஒரு சொட்டு விழவில்லை.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் தாயார் வந்து உட்கார்ந்திருந்தார். நானா என்னை நன்றாக ஏசினார். ஏசிக்கொண்டே ஜாக்கெட்டுகளை விரித்துப் பார்த்தார். பிறகுதான் வாசலில் ஈரத்தோடு நின்ற அப்பாவைக் கண்டார். "மழைல நடந்தா வந்தீங்க? உள்ளுக்கு வாங்க, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்தார். தோட்டத்தில் துரையின் கந்தோர் வாசலில் நின்றே பழகிய மனுஷன். கதிரை நுனியில் உட்கார்ந்து, தாயார் ஒவ்வொரு கொக்கியாகப் போட்டுக் கழற்றிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா குறை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் கொண்டக்டருக்கு முந்தி அப்பாதான் மணி அடித்தார். கங்காணி பேச்சை அவர் எடுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாளும் தோட்டத்துக்கு லீவு, எனக்கு வேலை. பயத்தில் அரைத்தூக்கமாகக் கிடந்தேன். இருட்டு விலகுமுன், லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு நேர் பின்னால் தப்பில் இரண்டு தட்டு. மெதுவாக, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் கேட்டுவிட்டது.

"என்னாடி, டவுன் தொரைசானிக்கு மட்டும் தனிப் பெரட்டா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு லீவு நாளிலும் எனக்கு அந்த இரண்டு தட்டு விழுந்தது. கல்யாணமாகிப் போகும்வரை ஏழு வருடம் நான் டவுனுக்குப் போய்வந்தேன். என் பேர் பதியப்படவேயில்லை.

இதில் பிழை இருக்கும். தீபாவளிக்கு இரண்டு நாள் லீவா, ஒன்றரை நாளா என்பது நிச்சயமில்லை. அந்தப் பக்கத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, அந்தத் தப்படிக்கிறவருடைய பிள்ளைகள் எங்காவது இருந்தால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அப்பா போய்ச் சொல்லித்தான் அவர் வந்தாரா, தானாகவே வந்தாரா? இரண்டு பேரிடமும் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.