மைனியின் காதும் என் பெட்டியும்

தகரப் பெட்டி. முகப்பில் ஒரு வட்டத் திருகு, பக்கவாட்டுத் துளைகளின் வழியே சிவப்பாகத் தெரியும் கண்ணாடிக் குழல் வால்வுகள். கல்லூரி இயற்பியல் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த நான், ஒரு நவராத்திரிக்கு இரவல் வாங்கி வந்த ஆசிலேட்டர் அது. திருகைத் திருப்பினால் வேண்டிய சுருதியில் விடாமல் ஒலிக்கும். வாத்தியங்களுக்கு இனி இதை வைத்துத்தான் சுருதி சேர்ப்பது என்று கரமனையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் அதைக் கொண்டுவந்தது மைனியை மட்டம் தட்டத்தான்.

மைனி என் அண்ணன் மனைவி. நாஞ்சில் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீணை ஏதோ வாசிப்பாள், பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காது! பத்து வருஷம் வயலின் படித்த நான் கூடத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் முறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுக்களையில் சேம்பு நறுக்கிக்கொண்டே, "தம்பி, ரெண்டாவது தந்தி கொஞ்சம் தாந்து கெடக்கு" என்பாள். எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். பார்த்தால் தாழ்ந்துதான் இருக்கும். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணனும் மிருதங்கத்தை அவளிடம்தான் தட்டிக் காட்டுவான். படித்தவன் ஒருவன் வீட்டில் இருப்பது யாருக்கும் நினைவுக்கே வராது.

அன்று சாயங்காலம் பெட்டியை முடுக்கிய கையோடு என் வயலினையும் பக்கத்து வீட்டு அக்காவின் தம்புராவையும் சேர்த்தேன். அண்ணனும் மிருதங்கத்தைச் சேர்த்துக்கொண்டான். மைனி சுண்டல் தாளித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வீணையை எடுக்க அரை மணிக்கு மேலாயிற்று. திருகைத் தொடாமல் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"தம்பி, இது முன்னால கேட்ட சத்தம் இல்லெ. ஏறியிருக்கு, கேட்டியா. நான் தம்புராவோட சேத்துக்கிடட்டா?"

எனக்குச் சுரீரென்றது. வால்வு நன்றாகச் சூடாகும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் எதையும் அளக்காதே என்று மாணவர்களுக்கு வாராவாரம் சொல்கிறவன் நான். அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஷின் தப்பாது மைனி. உங்க காதுதான் அசந்து போச்சு."

சிலர் சிரித்தார்கள். மைனி பெட்டிக்கே வீணையைச் சேர்த்தாள்.

வாசிக்கத் தொடங்கியதும் நாங்கள் எல்லாரும் ஒரு சுருதி, வீணை மட்டும் வேறு. அண்ணன் மிருதங்கத்தை நிறுத்தினான். "மிஷின் வச்சுக் குடுத்தும் ஒனக்குச் சேக்கத் தெரியல்லியாட்டி?" என்றான், அத்தனை பேர் முன்னால். அவள் வீணையைச் சுவரோரம் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். மீதி நேரம் முழுக்க நான்தான் வாசித்தேன். வெட்கமில்லாமல் நன்றாகவே வாசித்தேன்.

மறுநாள் காலை காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பெட்டிச் சத்தம் ஏறுனது ஒனக்குத் தெரிஞ்சுதா, இல்லியா தம்பி?"

"தெரியாது மைனி."

"பொறவு எதுக்கு ஒங் கொரலு இப்பிடி ஏறுது?"

அவ்வளவுதான் கேட்டாள். அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவன் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டு, காப்பி டம்ளரோடு நின்ற அந்த இடத்திலும் எனக்கு வெட்கம் வரவில்லை. இந்தக் காது நமக்கு வாய்க்கவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.