டீச்சர் மகளாக என்னை மாற்றப் பார்த்தவர்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத் தேர்வில் போதுமான மதிப்பெண் வந்தால்தான் அது உறுதி. அதற்காக உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ் ஏறி காஞ்சிபுரத்தில் பயிற்சிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்.

பேச்சுத் தேர்வுக்கு அங்கிருந்த சார் எல்லோரையும் ஒரே பதிலை மனப்பாடம் செய்ய வைத்தார். அதில் அம்மா டீச்சர், கோடை விடுமுறைக்கு ஊட்டி.

"எங்கம்மா நடவுக்குப் போறாங்க சார்," என்றேன்.

"அத்தப் போயி வெள்ளக்காரன்கிட்ட சொல்லுவியா? சேத்து நாத்தம் அங்க வரைக்கும் அடிக்கும்மா!"

வகுப்பே சிரித்தது. நானும் அந்தப் பதிலையே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தேர்வில் எதிரே இருந்த பெண்மணி, குடும்பத்தில் ஒருவர் செய்யும் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார். மனப்பாடம் செய்த டீச்சர் நாக்கு நுனிவரை வந்துவிட்டாள். அவளை விழுங்கிவிட்டு, அம்மா குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து நாற்று நடுவதைச் சொன்னேன்.

"ஏன் பின்னால் நகர்கிறார்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"முன்னால் போனால் நட்டதையே மிதித்துவிடுவோமே," என்றேன். அதன் பிறகு ஆங்கிலம் தானாக வந்தது.

வேண்டிய மதிப்பெண் கிடைத்தது. மறுவாரமே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் சார் என் படத்தைப் போட்டு, தன் பயிற்சியின் வெற்றி என்று பேனர் கட்டிவிட்டார்.

"எம்மாம் பெருசா போட்டுக்கீறாரு பாரு! நல்ல மனுசன்," என்றாள் நடவிலிருந்து திரும்பிய அம்மா.

சார் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் காலில் காய்ந்திருந்த சேறு எனக்குப் பழகிய வாசனை. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது அந்தப் பேனரைப் பார்த்துத்தான்.